உப்புக் காற்றும் ஓராண்டு அரிசியும்

வீட்டில் ஓராண்டுக்கு வேண்டிய தானியத்தைச் சேர்த்து வை என்று தன் மக்களுக்குப் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த ஒரு கிறிஸ்தவ சபை உண்டு. பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் சபை என்றால் பலருக்கும் விளங்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பு ஏரியின் பக்கத்தில் இருக்கிறது அதன் தலைமையகம். அந்த அறிவுரையை இன்னொரு உப்பு நிலத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பதே இந்தக் கட்டுரை. மரக்காணம் உப்பளக் கரையின் தென்பகுதியில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொம்மையார்பாளையத்தில் ஒரு மீனவக் குடும்பம் அதைப் பின்பற்றினால் என்ன ஆகும்? முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாத உணவு இந்தக் கரைக்குப் பொருந்தும். ஓராண்டு உணவு பொருந்தாது. அதற்குக் காரணம் பணத்தட்டுப்பாடு மட்டும் இல்லை, காற்றும் கடலுமே முதற்காரணம்.

சபையின் சேமிப்புக் கதை 1876-இல் தொடங்குகிறது. அன்றைய தலைவர் பிரிகாம் யங், எமலின் வெல்ஸ் என்ற பெண்மணியை அழைத்து, பெண்கள் தானியம் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒத்தாசைச் சங்கம் என்ற அவர்களது பெண்கள் அமைப்பு வேலையை ஏற்றது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கியும் காசு திரட்டியும் கோதுமை சேர்த்தார்கள், கிடங்குகளும் கட்டினார்கள். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கும் மறு ஆண்டு சீனப் பஞ்சத்துக்கும் அந்தக் கிடங்குகளிலிருந்து மாவு போனது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் 2 லட்சம் புஷலுக்கு மேல், அதாவது 5,000 டன்னுக்கும் அதிகமான கோதுமையை அமெரிக்க அரசுக்கு விற்றார்கள். பெருமந்தக் காலத்தில், 1936-இல், சபை முழுவதற்குமான நலத்திட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில்தான் ‘வீட்டுக்கு ஓராண்டு உணவு’ என்பது அந்தச் சபையின் அடையாளம்போல ஆகிப்போனது.

2007-இல் சபை வெளியிட்ட சிறு கையேடு அந்தப் பேச்சைத் தணித்தது. அது நான்கு படிகள் சொல்கிறது. அன்றாடம் சாப்பிடும் உணவிலேயே மூன்று மாதத்துக்கு வேண்டியது, குடிநீர், கொஞ்சம் கைப்பணம், அதற்குப் பிறகு முடிந்தவர்களுக்கு நீண்ட நாள் தானியம். கடன் வாங்கிச் சேர்க்காதே, ஒரே மூச்சில் வாங்கிக் குவிக்காதே, வாரம் ஒன்றிரண்டு பொருள் கூடுதலாக வாங்கு, உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கே வை என்றும் சொல்கிறது. நீண்ட நாள் சேமிப்புக்கு அவர்கள் சொல்லும் அளவு, ஆளுக்கு மாதம் ஏறத்தாழ 11.5 கிலோ தானியம், 2.3 கிலோ பயறு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு 138 கிலோ அரிசி, ஓராண்டுக்கு 552 கிலோ. ஓராண்டு அரிசியைக் கொட்டினால் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பி மேலும் ஒரு பெரிய டிரம் வேண்டியிருக்கும். இரண்டு அறை வீட்டில் அதை எங்கே வைப்பது என்ற கேள்வியோடே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

இந்தக் கரைக்கு மூன்று மாதக் கணக்கு ஏன் பொருந்துகிறது என்று பார்ப்போம். உப்பளத் தொழிலாளிக்குத் தை, மாசியில் வேலை தொடங்கிப் புரட்டாசி வரை ஓடும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி இல்லை. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. மீனவர்களைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தையே சொல்வார்கள். ஆனால் அந்தத் தடை முக்கியமாக விசைப்படகுகளுக்கு. மணற்கரையில் ஏற்றி இறக்கும் ஃபைபர் படகை நம்பிய ஊருக்கு உண்மையான வறட்சி, வாடை அடித்துக் கடல் சீறும் மழைக்காலம்தான். புயல் எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்றிவிட்டு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். ஆக, உப்பளத்தானுக்கும் கடலுக்குப் போகிறவனுக்கும் பஞ்சம் ஒரே மூன்று மாதத்தில் வருகிறது. யூட்டாக்காரர்கள் பொதுவாகச் சொன்ன மூன்று மாதம் இங்கே பெயர் சொல்லக்கூடிய மூன்று மாதம்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.

கையேடு சொல்லும் கைப்பணத்துக்கும் இங்கே ஏற்கெனவே ஒரு வடிவம் உண்டு. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒருவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து மழைக்காலத்தில் 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. இது தவிர, மீன்பாடு குறைந்த காலத்துக்கென மாநில அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் தருகிறது. பணம் வருகிற தேதி தள்ளிப்போகும்போது கடைக்காரரிடம் கணக்கு ஏறுகிறது. வீட்டில் அரிசி இருந்தால் ஏறாத கணக்கு அது.

அரிசியை எப்படிக் காப்பது என்பதில்தான் இரண்டு உப்பு நிலங்களும் பிரிகின்றன. யூட்டா பாலைநிலக் காற்று கொண்டது. அங்கே கோதுமையில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே தானாகவே இறங்கும். சபை, கோதுமை, வெள்ளை அரிசி, சர்க்கரை ஆகியவற்றை முறையாக அடைத்தால் 30 ஆண்டுக்கு மேல் தாங்கும் என்று சொல்வது அந்த நிலத்தில் நின்றுகொண்டு. ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இருக்கும் இடத்தின் வெப்பம் 24 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். பொம்மையார்பாளையத்தில் மார்கழி விடியற்காலையைத் தவிர 24 டிகிரி எப்போது இருக்கிறது?

ஈரத்தின் கதை இன்னும் கடுமையானது. அதை அளக்கக் கருவி வேண்டாம், அடுப்பங்கரை உப்பு ஜாடியே போதும். தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது கசியத் தொடங்கும். அதே 75 சதவீதக் காற்றில் திறந்து கிடக்கும் அரிசி, ஈரத்தை இழுத்து இழுத்துக் கடைசியில் 14 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். தானியம் பூஞ்சை பிடிக்காமல் சில மாதம் தாங்குவதற்கு வேளாண் நூல்கள் வைக்கும் எல்லையும் அந்த 14-தான். ஆகவே உப்பு கசிகிற வீட்டில், மூடாமல் வைத்த அரிசி எல்லையில் நிற்கிறது என்று பொருள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் காலை ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலேதான். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்பளத்திலிருந்து நேரே வந்த புதுக் கல்லுப்பில் மெக்னீசியம் உப்புகள் கலந்திருக்கும். அவை மிகக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக்கொள்வதால் புது உப்பு முன்னதாகவே கசியும். மரக்காணத்தில் உப்பை வாரி அம்பாரமாகக் குவித்து ஓலை வேய்ந்து போட்டுவைக்கும்போது அந்தக் கசப்பு நீர் வடிந்து போகிறது. பழைய உப்பு காய்ந்து நிற்பதற்கு அதுவே காரணம். இந்தக் கரையில் நீண்ட காலச் சேமிப்பைச் சரியாகத் தெரிந்துவைத்த முதல் தொழில் உப்புத் தொழில்தான் என்பேன்.

கருவாட்டுக்கும் இதே கணக்கு. உப்பு ஊறிய மீன், தூய உப்பைப் போலவே 75 சதவீதத்துக்கு மேல் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பங்குனி, சித்திரை வெயிலில் கல்லாகக் காய்ந்த கருவாடு ஐப்பசியில் பிசுபிசுப்பதும், சில நேரம் சிவப்புப் படலம் பிடிப்பதும் அதனால்தான். அந்தச் சிவப்பு, உப்பிலேயே வாழத் தெரிந்த நுண்ணுயிர். கருவாட்டைக் கூடையில் தொங்கவிடும் பழக்கம் வெயில் மாதங்களுக்குச் சரி. மழைக்கு முன்னால் மறுபடி ஒருநாள் வெயில் காட்டி, இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

அப்படியானால் 138 கிலோ எப்படித் தாங்கும்? மூன்று மாதத்துக்கு 30 ஆண்டு வித்தை வேண்டாம். சம்பா அறுவடை தை, மாசியில் வருகிறது. வானூர், மரக்காணம் பக்கத்து வயல்களிலிருந்து நெல்லாகவே வாங்க முடிந்தவர்கள் நெல்லாகவே வைப்பது நல்லது. உமி பூச்சிக்கும் ஈரத்துக்கும் ஓரளவு தடை. நம் பாட்டிமார் குதிரிலும் பத்தாயத்திலும் அரிசியைப் போடாமல் நெல்லைப் போட்டார்கள். அரைக்க வழியில்லாதவர்கள் புழுங்கலரிசியைக் கோடை வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின், இறுக்க மூடும் டிரம்மில் விளிம்புவரை நிரப்ப வேண்டும். மேலே வெற்றிடம் இருந்தால் அங்கே பூச்சிக்கு வேண்டிய காற்றும் இருக்கும். டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கச் சொல்கிறது சபை. சிமெண்டுத் தரை கீழிருந்து ஈரம் ஏற்றுவதால் இங்கே அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வெளியில் அரிசி வாங்க முடிந்தவர்கள் ரேஷன் அரிசியைச் சேமிப்புக்கு ஒதுக்குவது தவறு. அரசுக் கிடங்கில் ஏற்கெனவே பல மாதம் இருந்து, வண்டின் முட்டையோடு வரக்கூடிய அரிசி அது. வந்ததும் அதை உண்டுவிட்டு, வாங்கிய அரிசியை வைக்க வேண்டும். இரண்டும் கலந்தால் ஒரு மூட்டையின் வண்டு எல்லா மூட்டைக்கும் போகும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப் பொறியை அரிசிக்குள் செருகி வைத்தால், கண்ணில் படுவதற்கு முன்பே வண்டு வந்ததைக் காட்டிக் கொடுக்கும். விலையும் குறைவு.

டிரம்முக்குள் சூடமோ மெழுகுவர்த்தியோ கொளுத்தி மூடினால் காற்று தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தீபம் 16 சதவீத ஆக்சிஜனிலேயே அணைந்துவிடும். வண்டு சாக அது 2, 3 சதவீதத்துக்கு இறங்கிப் பல நாள் அப்படியே நிற்க வேண்டும். அதைச் செய்வது இரும்புத்தூள் பொட்டலங்கள். அந்தப் பொட்டலத்தைப் போடுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஈரமுள்ள பொருளை ஆக்சிஜன் இல்லாமல் அடைத்தால் நச்சுக் கிருமி வளரலாம் என்று சபையே எச்சரிக்கிறது. 13 சதவீத ஈரத்திலுள்ள நம் அரிசி அவர்கள் சொல்லும் 10-க்குள் வராது. எனவே இணையத்தில் பார்த்து யூட்டா முறையை அப்படியே செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடைகளில் திருட்டுத்தனமாகக் கிடைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை, ஆள் படுத்துறங்கும் வீட்டில் அரிசிக்குள் போடுவது கொலைக்குச் சமம். அது விடும் வாயுவால் குடும்பங்களே மாண்டிருக்கின்றன. போரிக் பவுடர் கலப்பதும் வேண்டாம். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பருப்புக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவதும், நொச்சி, வேப்பிலை, வசம்பு போடுவதும் நம்மிடம் உள்ளவை. இவற்றில் எண்ணெய்ப் பூச்சுக்கு நல்ல காரணம் இருக்கிறது. பயறு வண்டின் முட்டை மூச்சுவிட முடியாமல் போகிறது.

சேமிப்பு என்றால் அரிசி மட்டும் என்று எண்ண வேண்டாம். கேழ்வரகு இந்த நாட்டின் பழைய பஞ்ச தானியம். மாவாக்காமல் முழுத் தானியமாக வைத்தால் அதைப்போல நாள்பட்டுத் தாங்குவது வேறில்லை. கம்பை அரைத்து வைத்தால் சில வாரத்தில் கசந்துவிடும். புளியை மாசி, பங்குனியில் ஆண்டுக்கு வாங்கிக் கொட்டை நீக்கி உப்பிட்டு அடைப்பதும், மிளகாயும் வடகமும் வற்றலும் கோடையில் சேர்ப்பதும் நம் வீடுகளில் பழைய வழக்கம். கையேட்டைப் படிக்காமலே அதன் முதற்படியைச் செய்துகொண்டிருந்தோம். மாதச் சம்பளமும் நாள்தோறும் திறந்திருக்கும் கடையும் அந்த வழக்கத்தைக் கரைத்தன.

இனி கடல். பொம்மையார்பாளையத்தில் வீடே நிலையான இடமாக இல்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் இறுதியில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை நிறுத்திவிட்டன. அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கப்பட்டது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாகக் கரையும் வீடும் கடலுக்குப் போயின. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு இந்த மக்கள் எத்தனையோ முறை சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2004 சுனாமி, 2011 தானே, 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என்று பேரிடர்களின் பட்டியல் தனி. ஃபெஞ்சல் கரை கடந்த நேரத்தில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட இடத்தில் ஓராண்டு அரிசியை ஒரு வீட்டுக்குள் வைப்பது, படகில் ஏற்றிய சுமையை அலையில் விடுவது போன்றது. மூன்று மாத அரிசியே மிகை என்று தோன்றும்போது, குறைந்தது இரண்டு வாரத்துக்கான பகுதியைத் தூக்கிச் செல்லும் அளவு டப்பாக்களில் பிரித்து வைப்பது நல்லது. புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கையோடு போகக்கூடியது அதுதான்.

குடிநீரும் அப்படியே. நான்கு பேருக்கு நாளுக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் என்றால், இரண்டு வாரத்துக்கு 224 லிட்டர், அதாவது ஏறத்தாழ 15 குடம். நிலத்தடி நீர் உப்பேறும் கரையில், மின்சாரம் போய்க் குழாய் நின்றுவிட்ட நாளில், அரிசியைவிட முதலில் தீர்வது தண்ணீர்தான்.

ஓராண்டுச் சேமிப்பு வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வீட்டில் அல்ல. பைபிளிலிருந்து சபை மேற்கோள் காட்டும் யோசேப்பின் கதையைத் திரும்பப் பார்க்கலாம். எகிப்தில் ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை யோசேப்பு நகரங்களில் இருந்த அரசுக் களஞ்சியங்களில் சேர்த்தான். வீடுகளில் வைக்கச் சொல்லவில்லை. பஞ்சம் வந்தபோது என்ன நடந்தது என்பதை ஆதியாகமத்தின் 47-ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. மக்கள் முதலில் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், கடைசியில் நிலத்தையும் தங்களையுமே கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பிரசங்கங்களில் முதல் பாதியே அதிகம் கேட்கிறது. களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே அந்தக் கதையின் பாதி. பெரிய களஞ்சியம் கட்ட நினைத்த அன்றிரவே இறந்துபோன ஐசுவரியவானின் உவமையும் அதே பைபிளில்தான் இருக்கிறது.

நம் பக்கத்து மரபு வேறு விடை சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டுக் கேரளத்தில் சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் பரப்பிய பிடியரி, 1910-இல் மிசோரத்தின் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் தொடங்கிய கைப்பிடி அரிசி, காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் மூன்றும் ஒரே செயல்தான்: உலையில் போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது. மார்மன் சபையினர் மாதம் ஒருநாள் இரண்டு வேளை உண்ணாமல் அதன் விலையை ஏழைகளுக்குக் கொடுப்பதும் இதற்கு நெருக்கம். ஒரு பிடி 50 கிராம் என்று கொள்வோம். நாளுக்கு இருவேளை, 200 வீடுகள் என்றால் நாளுக்கு 20 கிலோ, மாதத்துக்கு 600 கிலோ. ஒரு குடும்பத்தின் ஓராண்டு அரிசியைவிட அதிகமாக ஊர் ஒரே மாதத்தில் சேர்த்துவிடும்.

அதை வைக்க இடமும், பங்கிடத் தெரிந்த அமைப்பும் இந்தக் கரையில் உண்டு. மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் சுனாமி நிவாரணத்தை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்த விதம் ஆய்வாளர்கள் பலர் எழுதியது. பொம்மையார்பாளையத்தில் வேர்கொண்ட பொம்மபுர ஆதீனமே இன்றும் மயிலம் முருகன் கோயிலை நடத்துகிறது. மடமும் கோயிலும் ஊர்க் களஞ்சியமாக இருந்தது பழைய தமிழ்நாட்டில் புதிதில்லை. கரையிலிருந்து தள்ளி, மேட்டில், நெல்லாக வைக்கக்கூடிய இடம் தேவை. கோயிலும் சர்ச்சும் மசூதியும் அரசுப் பள்ளியும் அதற்குப் பொருந்தும்.

இந்த ஊரின் எல்லை இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, வடக்கே காலாப்பட்டு புதுச்சேரி. பல ஆண்டுகள் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போட்டார்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம், பெரும்பாலான அட்டைகளுக்கு 12 முதல் 20 கிலோ, அந்த்யோதயா அட்டைக்கு 35 கிலோ. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் அட்டைக்கு 2,000 ரூபாய், புதுச்சேரியில் 5,000 ரூபாய். பணம் அதிகம் வந்த பக்கம் நல்லது என்று தோன்றும். சாலை மூழ்கிக் கடை மூடிய நாட்களில் 5,000 ரூபாயை உலையில் போட முடியாது.

2025 மே மாதத்தில் மத்திய அரசு, தென்மேற்குப் பருவமழையை முன்னிட்டு ஆகஸ்ட் வரைக்குமான ரேஷனை முன்கூட்டியே கொடுக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. நம் கிழக்குக் கரைக்கு மழைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது. மரக்காணம் முதல் வேதாரண்யம் வரை கடலோரக் கிராமங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாத ரேஷனையும் செப்டம்பர் இறுதிக்குள் ஒன்றாகக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அதை இறுக்க மூடி வைக்க ஏழை வீடுகளில் டிரம் கிடையாது. மீனவர் நலத்துறை வலைக்கும் எஞ்சினுக்கும் மானியம் தருகிறது. குடும்பத்துக்கு ஒரு 100 லிட்டர் மூடி டிரம்மும், ஒரு குடிநீர்க் கேனும் சேர்த்துத் தந்தால், மழைக்காலக் கடன் கணக்கில் ஒரு பகுதியாவது ஏறாமல் நிற்கும்.